கீதம் முடிந்ததும் அவிழ்த்த கயிறு

ஆஸ்பத்திரியை விட்டு நடக்கத் தொடங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது, சூடு மட்டும் குறையவில்லை. ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. என் தோளில் ஒரு கறுப்பு டிரம்பெட் பெட்டி தொங்கியது. சட்டையின் முன்பக்கம் ரத்தம் காய்ந்து மொரமொரத்தது. என் ரத்தம் இல்லை. டாக்சிக்காரர்கள் அருகில் வந்து வேகத்தைக் குறைப்பார்கள், சட்டையைப் பார்த்ததும் போய்விடுவார்கள். எனக்கும் நடப்பதுதான் சரியாக இருந்தது. ஷார்ஜா தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் ரூமை நோக்கி, டயர் கடைகளையும் பூட்டிக் கிடந்த ஷெட்டுகளையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் பல இடங்களை விட்டு நடந்தவன். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டேன். ரியாத்தில், பத்தா பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன். முதலாளி கன்னத்தில் அறைந்த மத்தியானம், கழுவிய தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன். கத்தாரில், ராஸ் லஃபானில் சாரம் கட்டினேன். அங்கே ஒருவன் மேலிருந்து விழுந்ததைப் பார்த்த அன்றும் சாயங்காலம் சாப்பிட்டேன், தூங்கினேன். கஷ்டம் எனக்குப் பழகிய சங்கதி. ஆனால் அன்று அந்தச் சாலையில் நடக்கும்போது, பார்த்தது உண்மைதானா என்று நானே என்னை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தேசிய கீதம் முடிந்து, அந்தச் சத்தம் காற்றில் இருந்து போவதற்குள், அப்படி ஒன்று நடக்குமா?

பெட்டி ஒரு பிலிப்பினோக்காரருடையது. வளைகுடாவில் அந்த நாட்டு ஆண்களை நாங்கள் 'கபாயான்' என்று கூப்பிடுவோம். அவர்கள் பாஷையில் ஊர்க்காரன் என்று அர்த்தமாம். இவர் எங்கள் கட்டடத்தில் எதிர் ரூமில் இருந்தார். ஐஸ் ஃபேக்டரியில் வேலை. ஆள் நீளத்துக்கு இருக்கும் ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து லாரியில் ஏற்ற வேண்டும். ஊரில் இருந்தவரை அவர் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். டூட்டி முடிந்து வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுவார். டிரம்பெட்டில் மூன்று விரலுக்குத்தான் வேலை. "திஸ் ஒன் ஸ்லோ, பாய்," என்று மோதிர விரலைக் காட்டுவார். இன்னும் கொஞ்ச காலம் ஐஸைத் தொட்டால் அந்த விரல் மரக்கட்டையாகிவிடும், அதற்கு முன் இசை வேலை ஒன்று பிடித்து வெளியே வந்துவிட வேண்டும். அவருக்கு இருந்த பயமும் ஆசையும் இது ஒன்றுதான்.

பக்கத்து ரூம்காரர்கள் கத்துவார்கள் என்று மொட்டை மாடிக்குப் போய், டிரம்பெட்டின் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு வாசிப்பார். ஒருநாள் துணி காயப்போட மேலே போனேன். துள்ளி நடக்க வைக்கிற ஒரு மெட்டு. கல்யாண ஊர்வலத்தில் பேண்டுக்காரர்கள் வாசிப்பது மாதிரி இருந்தது.

"ஷாதி கா கானா, கபாயான்?" என்று கேட்டேன், கல்யாணப் பாட்டா என்று.

அவர் டிரம்பெட்டைக் கீழே இறக்கி என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஷாதி நஹி, பாய். நேஷனல் ஆந்தம்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. சமாளிக்க, பாட்டைச் சொல்லுங்கள், வார்த்தை என்ன என்றேன். சொல்லலாம், ஆனால் முதன்முதலில் இதற்கு வார்த்தையே கிடையாது, வெறும் மெட்டுதான் என்றார். வார்த்தை இல்லாமல் ஒரு தேசிய கீதமா? கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அன்று முதல் அவர் அந்த மெட்டைப் போட்ட மனிதரின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய இந்தியும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன. எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெட்டைப் போட்டவர் ஒரு துறைமுக ஊர்க்காரர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பது, பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது, அதுதான் பிழைப்பு. நாடு ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டு முடிகிற சமயத்தில் கலகம் வந்தது. இந்த ஆர்கன்காரரும் அதில் சேர்ந்தார், பிடிபட்டார், கடலோரக் கோட்டையில் அடைபட்டார். அதே ஊரில் பிடித்த பதின்மூன்று பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். இவரைச் சுடவில்லை.

"ஏன் இவரை மட்டும் விட்டாங்க?"

யாருக்குத் தெரியும் என்று கபாயான் உதட்டைப் பிதுக்கினார். "கோன் ஜானே."

அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. துப்பாக்கிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா? அதைக் கேட்ட காதில் பிறகு எப்படி ஒரு மெட்டு வந்து உட்கார்ந்தது? நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் நின்று தேசிய கீதம் பாடியவர்கள். யாராவது ஒருவன் மயங்கி விழுவான், அதற்காகவே காத்திருப்போம். அதை ஒரு ஆள் உட்கார்ந்து, பசியோடோ பயத்தோடோ, கட்டினார் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. மலை, ஆறு மாதிரி அதுவும் நாட்டோடு சேர்ந்து வந்தது என்று இருந்துவிட்டேன்.

ஜெயிலில் இருந்து வந்தவரைக் கலகத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினாராம். சுதந்திரக் கொடியை ஏற்றப் போகிறோம், அதற்கு ஒரு மெட்டு வேண்டும். வேறொருவர் போட்ட மெட்டு தலைவருக்குப் பிடிக்கவில்லை. சில நாட்களே இருந்தன. அதற்குள் போட்டு, பியானோவில் வாசித்துக் காட்டினார். பக்கத்து ஊர் பேண்டுக்காரர்கள் அவசரம் அவசரமாகக் கற்றுக்கொண்டார்கள். தலைவர் வீட்டு ஜன்னலில் கொடி விரிந்தபோது கீழே பேண்டு முழங்கியது. கூட்டம் வாய்மூடி நின்றது, பாட வார்த்தை இல்லையே. பிறகுதான் ஓர் இளம் சிப்பாய் அதற்கு வரி எழுதினான். அதற்குள் அமெரிக்காக்காரர்கள் வந்துவிட்டார்கள். கொடியையும் அந்த மெட்டையும் வெளியில் எடுக்கக் கூடாது என்று கொஞ்ச காலம் சட்டமே போட்டார்களாம்.

எங்கள் ரூமில் இதைச் சொன்னபோது மைக் செட் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மன்னார்குடிப் பக்கம். ஊரில் மைக் செட்டும் பந்தலும் போட்டவர். கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, காதுகுத்து எல்லாவற்றுக்கும் மேடை கட்டிய கை. இங்கே மேடை போடும் ஒரு மலையாளி காண்ட்ராக்டரிடம் எங்களுக்கு அவர்தான் ஃபோர்மேன்.

"ஆள ஜெயில்ல போடுவாங்க, செரி. பாட்டையுமாடா போடுவாங்க?" என்றார். "அப்பறம் அந்த மனுசன் என்ன ஆனாராம்?"

அதை நானும் கேட்டிருந்தேன். கபாயான் சொல்லவில்லை. எங்கள் சுதந்திர தின விழா வருகிறது, அங்கே மேடையில் ஒரு அம்மா அவர் கதையை முழுதாகப் படிப்பாள், அப்போது முடிவைத் தெரிந்துகொள் என்று விட்டார். அந்த அம்மா படித்து முடித்ததும் இவர் தனியாக நின்று, முதல் நாள் ஒலித்த மாதிரியே, வார்த்தை இல்லாமல், டிரம்பெட்டில் மட்டும் வாசிக்க வேண்டும். துபாயில் ஒரு பெரிய ஓட்டலின் பேண்டு மாஸ்டரும் அவர்கள் ஊர்க்காரர்தான். அதைக் கேட்கவே அவர் வருகிறார். பிடித்திருந்தால் வேலை. ஐஸ் ஃபேக்டரிக்கு கலாஸ், அதோடு முடிந்தது.

அந்த விழாவுக்கு மேடை போடும் வேலையை எங்களுக்கு வாங்கிக்கொடுத்ததும் கபாயான்தான். விழா கமிட்டியிடம் போய், என் பக்கத்து ரூம் ஆட்கள், நம்பிக் கொடுக்கலாம் என்றிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே விழா ஹாலுக்குப் போய்விட்டோம். பின்திரையைக் கட்டினோம். அகலமான நீலத் துணி, மேல் விளிம்பில் கோத்த இரும்புக் குழாய், குழாயின் இரண்டு முனையிலும் கயிறு. கயிறுகளை மேலே உத்தரத்தில் போட்டு இழுத்துப் பக்கத்தூண்களில் கட்டினோம். துணியின் நடுவில் அந்த மெட்டுக்காரரின் பெரிய படம், மீசை வைத்த மனிதர். காண்ட்ராக்டருக்குச் சாயங்காலம் அஜ்மானில் ஒரு கல்யாண மேடை இருந்தது. "ப்ரோக்ராம் கழிஞ்ஞா உடனே அழிக்கணும் கேட்டோ, ஒரு நிமிஷம் நிக்கருது," என்று போனில் அடிக்கடி சொன்னார், முடிந்த கையோடு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டுமாம்.

கூட்டம் மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது. ஆனால் பெரிய விருந்தாளி வரத் தாமதம். அதுவரை சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை. ஒருவர் மைக்கில் வேடிக்கை பேசினார், எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைகள் வரிசையாக ஆடினார்கள். இரண்டு பெண்கள் பாடினார்கள். கைதட்டல் மேல் கைதட்டல். எங்களுக்கு அவர்கள் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் அதையெல்லாம் விழா என்றே நினைத்துக்கொண்டோம். அவர்களுக்கு அது விழா தொடங்குவதற்கு முந்தைய பொழுதுபோக்கு.

கடைசியில் கோட்டுப் போட்டவர்கள் சிலர் உள்ளே வந்து முன்வரிசையில் நின்றார்கள். ஹால் முழுக்க எழுந்தது. சிடியில் அந்த மெட்டு ஒலித்தது. இத்தனை நாள் துண்டுக்குள்ளிருந்து கேட்டது இப்போது முழுச் சத்தமாக, நூற்றுக்கணக்கான வாய்களோடு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மைக் செட் அண்ணன் பீடிக்கட்டைப் பைக்குள் போட்டுவிட்டு விறைப்பாக நின்றார்.

"நேரா நில்லுங்கடா. எந்த நாட்டுப் பாட்டா இருந்தா என்ன, மரியாத மரியாததான்," என்று எங்களிடம் கிசுகிசுத்தார்.

நின்றோம். பாட்டு முடிந்தது.

எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும் தொடக்கத்தில் ஒரு வாழ்த்துப் பாடல், முடிவில் தேசிய கீதம். கலெக்டர் வந்த விழாவும் அப்படித்தான், கிராமப் பள்ளி விழாவும் அப்படித்தான். கீதம் ஒலித்தால் கூட்டம் செருப்பைத் தேடத் தொடங்கும். மைக் செட் அண்ணன் ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒயரைச் சுருட்டியவர். அவர்களுக்கு அது தலைகீழ், கீதத்தில்தான் விழா தொடங்கும். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கபாயானுக்கு எங்களிடம் சொல்லத் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது சொல்வார்களா?

"முடிஞ்சிது. யல்லா யல்லா," என்றார் அண்ணன். "மெயின ஆஃப் பண்ணு. நாம ரெண்டு பேரும் கயித்த எறக்குவோம். நீ சேரப் பாரு," என்று கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அதுக்குள்ளயாண்ணே? இன்னும் சோறே போடலையே," என்றான் எங்களோடு இருந்த ராமநாதபுரத்துக்காரன்.

"பொட்டலமா குடுத்தனுப்புவாங்க. ஒனக்கு ஏன்டா அந்தக் கவல?"

கபாயான் வாசிக்கவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது, விருந்தாளி தாமதித்ததில் அதை விட்டுவிட்டார்கள் போல என்று எண்ணி, பின்வரிசைக்குப் போய் நாற்காலியை மடக்கினேன். விளக்குகள் அணைந்தன. ஜன்னல்களில் கனத்த திரை, அரை இருட்டு. கரண்ட் போய்விட்டது என்று கூட்டம் ஒரு கணம் சிரித்தது. அண்ணன் ஒரு தூணிலும் ராமநாதபுரத்துக்காரன் மறு தூணிலும் கயிற்றை அவிழ்த்தார்கள். பழகிய கைகள், மெதுவாகத்தான் இறக்கியிருப்பார்கள். மேடை காலி என்று நினைத்தார்கள். ஆனால் கபாயான் கீதம் ஒலிக்கும்போதே மேடை ஏறி, படத்துக்குக் கீழே போய் நின்றிருந்தார். இருட்டியதும், கண்ணை மூடிக்கொண்டு டிரம்பெட்டை உதட்டில் வைத்துப் பதம் பார்த்திருக்கிறார். ஒரு முனைக் கயிறு வழுக்கியது. குழாய் சாய்ந்து, டிரம்பெட்டின் அகன்ற வாய் மேல் விழுந்தது. ஊதும் முனை நெம்புகோல் மாதிரி எழும்பி அவர் வாய்க்குள் போயிற்று. அதன் மேல் நீலத் துணி முழுவதும் சரிந்து மூடியது.

யாரும் கத்தவில்லை. துணிக்குள் ஏதோ அசைந்தது. மீசைக்காரரின் படம் மேடும் பள்ளமுமாக எழுந்து எழுந்து அடங்கியது. பிறகுதான் ஒரு பெண்ணின் அலறல். யாரோ மெயினைப் போட்டார்கள். துணியை இழுத்தபோது கபாயான் முழங்காலில் இருந்தார். வெள்ளைச் சட்டை, பூவேலை செய்த அவர்களுடைய விசேஷச் சட்டை, கழுத்திலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது. மேலுதடு இரண்டாகக் கிடந்தது. அவர் வாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. தரையில் டிரம்பெட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று நினைவில்லை. அவரைப் பிடித்துத் தூக்கியபோது என் மேல் சாய்ந்தார். மைக் செட் அண்ணன் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். கமிட்டியைச் சேர்ந்த ஒரு அம்மா அவர் முகத்துக்கு எதிரே நின்று கத்தினாள். அவருக்கு ஒன்றும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

முன்வரிசையிலிருந்து ஓட்டல் பேண்டு மாஸ்டர் வந்தார். கபாயானின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது. வாத்தியக்காரனுக்கு வாய் என்றால் என்ன என்று தெரிந்த முகம். தோளைத் தட்டி, காதில் ஏதோ சொன்னார். கபாயான் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸும் அவர்கள் நாட்டுப் பெண்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது, இன்னொன்று ஆடியது. உதடு ஆறும், ஆனால் டிரம்பெட்டை அழுத்தி வாசிக்க மாதக்கணக்கில் ஆகலாம், அப்போதும் பழைய மாதிரி வருமா என்று சொல்ல முடியாது என்றாள். பேண்டு மாஸ்டர் காதில் சொன்னதையும், ஆஸ்பத்திரி வரை வந்த அவரிடமே கேட்டு, அவளே எனக்கு இந்தியில் சொன்னாள். ஓட்டலில் அடுத்த வாரமே ஆள் வேண்டும், வேறு ஒருவனைத்தான் எடுக்க வேண்டியிருக்கும், மன்னித்துக்கொள்.

அந்த மெட்டுக்காரர் கடைசியில் என்ன ஆனார் என்று அவளிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் இப்போதா இதைக் கேட்பது என்று உறைத்தது. அவள் பஞ்சை எடுத்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் என்று சாதாரணமாகச் சொன்னாள். கிழவனாகும் வரை இருந்தார். பெரிய யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் நாட்டைப் பிடித்திருந்த சமயத்தில் செத்துப்போனார். நாட்டுக்கு நிஜமான சுதந்திரம் வந்தது அதற்குப் பிறகு.

"அவர் பார்க்கவே இல்லையா?"

"இல்லை."

படுத்திருந்த கபாயான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கதை முடிந்துவிட்டது, போதுமா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. பேச முடியாது. கையால் நர்ஸிடம் ஏதோ காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. கொக்கியை மாட்டி இழுப்பது மாதிரி மறுபடி காட்டினார். எனக்குப் புரிந்தது. நாளைக்கு டூட்டி. ஜூனில் ஐஸ் ஃபேக்டரியில் லீவு கிடையாது. போன கோடையில் காய்ச்சலில் படுத்த ஒரு நேபாளி திரும்பிப் போனபோது அவன் இடத்தில் வேறு ஆள் இருந்தான். அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். ஓட்டல் போயிற்று. இப்போது ஐஸும் போனால் விசாவும் போகும். எந்த வேலையிலிருந்து தப்பிக்கத் தவித்தாரோ, அதே வேலைக்காக அவர் கண் கெஞ்சியது.

டிரம்பெட் பெட்டியை என்னிடம் தள்ளினார். எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்படித்தான் அந்தச் சாலையில் நடந்தேன்.

ரூமில் மைக் செட் அண்ணன் கட்டிலில் குந்தியிருந்தார். காண்ட்ராக்டர் எங்கள் எல்லோரையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராமநாதபுரத்துக்காரன் டீ வாங்கிவந்து வைத்திருந்தான், அண்ணன் தொடவில்லை.

"எத்தன மேட பாத்திருப்பேன்," என்றார் என்னைப் பார்த்ததும். "பாட்டு போட்டா முடிஞ்சிதுன்னுதானடா அர்த்தம்? சொல்லு. முடிஞ்சிதுன்னுதான?"

"நம்ம ஊர்ல அப்டித்தாண்ணே."

"அந்தாளு வாய் எப்டி இருக்கு?"

சொன்னேன். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். ராமநாதபுரத்துக்காரன் மெதுவாக, "நீ என்னடா செய்யப் போற? வழக்கம்போல பையத் தூக்கிருவியா?" என்றான். நான் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் போட்டேன்.

மறுநாள் விடியும்போது ஐஸ் ஃபேக்டரி வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் ஒரு வயதான பட்டாணியர். கபாயான் எங்கே என்றார். ஆஸ்பத்திரியில், அவர் வரும்வரை நான் பதில் ஆள் என்றேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கும் வேலை இல்லை.

அவர் என் தோளையும் கையையும் அமுக்கிப் பார்த்தார். "பாகேகா தோ நஹி?" என்றார். ஓடிவிட மாட்டாயே? நீ ஓடினால் நான் வேறு ஆள் போட்டுவிடுவேன், அப்புறம் அவனுக்கு இடம் இல்லை. அவன் வந்த அன்று நீ போய்விட வேண்டும், உனக்கும் இடம் இல்லை. சம்ஜா, புரிந்ததா?

இதுவரை எந்த வேலையிலும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்போதே கிளம்பியிருப்பேன். "அச்சா," என்றேன்.

ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் கொக்கியும் கொடுத்தார். பூட்ஸ் ஒரு அளவு சிறியது. மீன் மார்க்கெட் லாரி பின்கதவைத் திறந்தபடி காத்திருந்தது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். முதல் கட்டியில் கொக்கியை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. பட்டாணியர் வந்து என் கால்களை அகட்டி வைக்கச் சொன்னார். மறுபடி இழுத்தேன்.